எழும்பும் பந்துகள்

நுரையீரல் அறுவை முடிந்தவரின் கட்டிலருகே இருக்கும் மூன்று பந்துக் கருவி, பார்வைக்கு விளையாட்டுச் சாமான்தான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் முதல் பந்து எழும். அதற்கு வேண்டிய மூச்சின் வேகம் வினாடிக்கு 600 மில்லிலிட்டர். அடுத்ததற்கு 900, கடைசிக்கு 1200. (பலர் முதலில் ஊதிப் பார்ப்பார்கள், பந்து அசையாது.) விலா வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடியிலுள்ள காற்றறைகள் சுருங்கும், சளி தேங்கும், நிமோனியாவும் வரலாம். ‘நன்றாக இழுங்கள்’ என்று பத்து முறை சொல்வதை எழும்பும் பந்து ஒரே முறையில் புரியவைத்துவிடுகிறது.

இதற்குத் தனிப்பலன் உண்டா என்ற கேள்வி நியாயமானதே. வழக்கமான பிசியோதெரபியோடு இதையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் சிக்கல்கள் தெளிவாகக் குறையவில்லை. ஆனால் அங்கே கருவி இல்லாதவர்களும் சும்மா படுத்திருக்கவில்லை. அவர்களுக்கும் மூச்சுப் பயிற்சி இருந்தது, நடை இருந்தது. பயிற்சியாளர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு நோயாளியின் கையில் மிஞ்சுவது இந்தக் கருவிதான். வலியைத் தணிக்காமல், எழுந்து நடக்கவைக்காமல் இதை மட்டும் கொடுப்பது வீண்வேலை. உடனிருப்பவர்களே, மூன்றும் எழவில்லையே என்று விரட்டாதீர்கள். ஒரு பந்தை நிதானமாக இரண்டு மூன்று வினாடி நிறுத்தினாலே நல்ல மூச்சு.