பூட்டிய பள்ளி, திறந்த சமையலறை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுண்டி. அங்கே 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளையும் சேர்த்தே படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்கான பணத்தையே நிறுத்திவிட்டது. வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ 1,700 கறுப்பினக் குழந்தைகள் வெளியே நின்றார்கள்.

அந்தத் தனியார் பள்ளியில் படித்தவர் கிறிஸ்டன் கிரீன். அதை உருவாக்கியவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். 2015இல் வெளியான 'சம்திங் மஸ்ட் பி டன் அபௌட் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி' என்ற நூலில் தாத்தாவின் பங்கை அவர் மறைக்கவில்லை. சொந்த வீட்டைத் தோண்டிப் பார்க்கும் துணிச்சல் எளிதில் வருவதல்ல. அந்த மரியாதையோடுதான் என் மனக்குறையையும் சொல்கிறேன்.

நூலில் என்னை நிறுத்தி வைத்தவர் தாத்தா அல்லர்; அவர் வீட்டில் சமைத்து, துடைத்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட கறுப்பினப் பெண். பள்ளிகள் மூடப்பட்டபோது அவர் தன் ஒரே மகளைப் படிப்புக்காக மாசசூசெட்ஸிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். பிறகும் அதே சமையலறைக்குத்தான் வேலைக்குப் போனார். மகளின் பள்ளியைப் பூட்டத் துணைநின்றவருக்குச் சோறு போட்ட அந்தக் கைகளைப் பற்றி இன்னும் எழுதியிருக்க வேண்டும். கிரீனின் குற்றவுணர்வு பல பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாயின் பிரிவுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. அவர் அதிகம் பேசாதவர் என்பது உண்மை. எசமானரின் பேத்தி வந்து கேட்டால் யார்தான் மனம்திறந்து பேசுவார்?

இந்தக் கதையைத் தொடங்கிவைத்தவளும் ஒரு பெண்தான். 1951 ஏப்ரல் 23. ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டிய இடத்தில் 450 பேருக்குமேல். நெரிசலுக்குத் தீர்வாக நிர்வாகம் தந்தது தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழை வந்தால் ஒழுகும். பார்பரா ஜான்ஸுக்கு அப்போது வயது 16. தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, அவர் பெயரிலேயே சீட்டு எழுதி எல்லோரையும் கூடத்துக்கு வரவழைத்தாள். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள். வேலைநிறுத்தம் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954இன் பிரௌன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. அவளையோ, பாதுகாப்புக்காக அலபாமாவிலிருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. மோட்டன் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாங்வுட் கல்லூரி. அப்போது அது பள்ளி ஆசிரியைகளை உருவாக்கும் பெண்கள் கல்லூரி! பாடம் நடத்தும் முறையை அவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருக்களில் பாடம் கேட்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்நிறுவனம் 2014இல்தான் வருத்தம் தெரிவித்தது. கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

வகுப்பில் இந்நூலைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பொண்ணு அஞ்சு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தா, அம்மாகிட்ட எப்படிப் பேசியிருப்பா மேடம்?" நூலை மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன்.