ரஷ்ய இசைஞரும் வங்க ஆசிரியரும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலை கல்கத்தாவைச் சென்றடைகிறது. அச்சாலையை ஒட்டிய இருப்புப் பாதை வழியாகவே வங்கம், ஒரிசா, பீகார் மாநிலத் தொழிலாளர் நம் சிப்காட் ஆலைகளுக்கு வந்து சேர்கின்றனர். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர், 1787-இல், இதற்கு எதிர்த்திசையில் ஒரு ரஷ்யர் பயணம் செய்தார். கெராசிம் லெபெதேவ் என்பது அவர் பெயர். அவர் சென்றது கடல்வழியே. அங்கே சென்று எட்டாண்டுகள் கழித்து வங்க மொழியில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். மேலை நாட்டு முறையில் அமைந்த அரங்கில் நடிக்கப்பெற்ற முதல் வங்க நாடகம் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அதனையே.

'முதல்' என்னும் சொல் ஒருவரைப் போற்றுவதற்குப் போதுமானது; புரிந்துகொள்வதற்குப் போதாது. லெபெதேவைப் பற்றி எழுதுவோர் பலரும் அச்சொல்லோடு நின்றுவிடுகின்றனர். அவருடைய படைப்பை ஒரு நாடகாசிரியரின் படைப்பாக எடைபோட்டால் என்ன மிஞ்சும் என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

1749-இல் யாரோஸ்லாவ்ல் நகரில், கோயிற்பணி செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். வழிபாட்டுப் பாடல்களோடு வளர்ந்து, தாமாகவே வயலின் பயின்று, ரஷ்யத் தூதர் ஒருவரின் பரிவாரத்தில் சேர்ந்து நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வாசித்துப் பிழைத்தபின் 1785-இல் சென்னையில் வந்திறங்கினார். வில்லியம் சிடன்ஹாமின் ஆதரவில் ஈராண்டுகள் இசை நிகழ்ச்சிகள் நடத்தினார். அந்நாளில் ஐரோப்பியர் 'மலபார் மொழி' என்று வழங்கிய நம் தமிழை அவர் ஓரளவு கற்றதும் அப்போதுதான். சமஸ்கிருதம் கற்கும் ஆவல் இங்கே கைகூடவில்லை. கல்கத்தாவில் அவருக்குக் கோலக்நாத் தாஸ் என்னும் ஆசிரியர் வாய்த்தார். தாஸ் அவருக்கு வங்க மொழியையும் இந்துஸ்தானியையும் சமஸ்கிருதத்தையும் கற்பித்தார். பதிலுக்கு மேலை இசையைத் தாம் கற்றுக்கொண்டார். கட்டணமாகக் காசு கைமாறாமல் வித்தை கைமாறிய இந்த உடன்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நாடகத்துக்கு வருவோம். ஜாட்ரல் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'மாறுவேடம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை லெபெதேவ் வங்க மொழியில் பெயர்த்தார். கதை நிகழும் இடத்தை ஸ்பெயினிலிருந்து கல்கத்தாவுக்கும் லக்னோவுக்கும் மாற்றினார். மாந்தர்க்கு வங்கப் பெயர்களைச் சூட்டினார். பாரதசந்திர ராயின் கவிதைகளுக்கு இசையமைத்துச் சேர்த்தார். மூலமே பெரிய இலக்கியமன்று. காதலும் ஆள்மாறாட்டமும் கலந்த, அக்கால ஆங்கில மேடைக்குப் பழகிப்போன சரக்கு அது. அதை ஏன் தேர்ந்தார்? இந்தியர் ஆழ்ந்த பொருளைக் காட்டிலும் வேடிக்கையையும் பிறரைப்போல் நடித்துக் காட்டுவதையுமே பெரிதும் விரும்புவர் என்று தாம் கண்டதாக, பின்னர் இலண்டனில் வெளியிட்ட இலக்கண நூலின் முன்னுரையில் அவரே விளக்குகிறார். ஆகவே காவற்காரரும் திருடரும் குமாஸ்தாக்களும் நிறைந்த நாடகத்தைத் தேடினாராம்.

இங்கே நாம் அவரோடு உடன்பட இயலாது. தம்மை வரவேற்ற மக்களைப் பற்றி இத்துணை எளிதாகத் தீர்ப்பு வழங்கியவர், அவர்களிடையே இரவு முழுதும் கண்ணீரோடு பார்க்கப்பட்ட புராணக் கூத்துகளையும் யாத்திரைகளையும் கருத்தில் கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர் என்ற புகழுக்கு இது ஒரு மாசுதான்.

1795-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் அந்நாடகம் அரங்கேறியது. டோம்தொல்லா என்ற தெருவில், இன்று எஸ்ரா தெரு எனப்படும் இடத்தில், அவரே வடிவமைத்த கொட்டகை. கவர்னர் ஜெனரல் சர் ஜான் ஷோரின் அனுமதி கிடைத்திருந்தது. முன் இருக்கைகளுக்கு 8 ரூபாய், மேல்தளத்துக்கு 4 ரூபாய் கட்டணம். அக்கால ரூபாயின் மதிப்பை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். திருடனும் காவற்காரனும் மேடையில் வங்க மொழி பேசினர். ஆனால் உண்மையான காவற்காரன் நுழைவுச் சீட்டு வாங்க முடியாமல் கொட்டகைக்கு வெளியே நின்றான். 1796 மார்ச்சு 21-இல் இரண்டாம் முறை நடந்தபோது கட்டணம் ஒரு பொன் மொஹராக உயர்ந்தது. கொட்டகை அப்போதும் நிறைந்தது.

அதன்பின் வீழ்ச்சி. போட்டி அரங்கத்தைச் சார்ந்த ஆங்கிலேயர் பகை கொண்டனர். காட்சித் திரை ஓவியரான ஜோசப் பாட்டில் உள்ளிருந்தே கெடுத்தார் என்பது லெபெதேவின் குற்றச்சாட்டு. வழக்கும் கடனும் சூழ, 1797-இல் வெறுங்கையோடு கல்கத்தாவை விட்டார். பகைவர் சதியால் வீழ்ந்தார் என்றே பலரும் முடிக்கின்றனர். அது உண்மையே, எனினும் முழு உண்மை ஆகாது. ஒரு மனிதரின் பணத்தையும் பிடிவாதத்தையும் மட்டுமே தாங்கி நின்ற அரங்கம், அம்மனிதர் கப்பலேறியதும் மறைந்தது. வங்காளிகள் தாமே அமைத்த பொது அரங்கம் 1872-இல்தான் தோன்றியது. இடையில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அப்படியாயின் எதற்காக அவரை நினைக்க வேண்டும்? இதற்கு விடை அவருடைய முன்னுரையிலேயே ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பை முடித்ததும் பண்டிதர் சிலரை அழைத்துப் படித்துக் காட்டி, அவர்கள் எந்த இடங்களை இரசித்தனர் என்று உற்றுக் கவனித்தார். அப்போது கோலக்நாத் தாஸ்தான், இதைப் பொதுமக்கள் முன் நடிப்பதாயின் ஆடவரும் பெண்டிருமான நடிகர்களை நம்மவரிலிருந்தே தாம் திரட்டித் தருவதாகச் சொன்னாராம். நாடகம் நடத்தும் எண்ணத்தை ஊட்டியவர் ஆசிரியர். அதை ஏற்றவர் மாணவர். பெண் வேடத்தைப் பெண்களே ஏற்றனர் என்பது சிறிய செய்தியன்று. நூறாண்டு கழித்தும் நம் தமிழ்க் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட்டுக்குப் பெரும்பாலும் சிறுவரே நின்றனர். ஆனால் அந்த வங்கப் பெண்களின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

வேற்று நாட்டார் நம் மொழியைக் கற்பது கத்தோலிக்கராகிய நமக்குப் புதிய செய்தியன்று. 1578-இல் 'தம்பிரான் வணக்கத்தை' அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரையும், தே நோபிலியையும், வீரமாமுனிவரையும் நாம் போற்றுகிறோம். தே நோபிலிக்குச் சமஸ்கிருதம் கற்பித்த சிவதர்மரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாணவர்க்குச் சிலை வைக்கும் நாம் ஆசிரியரை மறந்துவிடும் வழக்கத்தில் வங்காளிகளுக்குச் சளைத்தவரல்லர்.

1801-இல் வெளியான அந்த இலக்கண நூலைப் பிழை மலிந்தது என்று அறிஞர் ஒதுக்கியதுண்டு. அதிலேயே ஒரு வியப்பும் உண்டு. ஏட்டு வழக்கை விட்டு, கல்கத்தாக் கடைத்தெருவில் கூலியாளும் வேலைக்காரரும் பேசிய இந்துஸ்தானி அதில் பதிவாகியுள்ளது. கும்மிடிப்பூண்டியின் உருக்காலை வாயில்களில் இன்று நாம் கேட்பதும் அத்தகைய கடைத்தெரு மொழிதான். ஆனால் அதில் நம்மவர் கற்றிருப்பவை 'தூக்கு', 'சீக்கிரம்', 'நில்' என்னும் ஏவற்சொற்களே. உலையின் அருகே நிற்பவனுக்கு எச்சரிக்கை புரிந்ததா என்று கேட்கவும், ஊரில் உன் தாய் நலமா என்று வினவவும் அவை போதா. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் வந்து நிற்கும் சார்க்கண்டு இளைஞனுக்குப் பாட்டு தெரியும். பாட ஒரு வாய்ப்பு நம் பாடகர் குழுவில் இல்லை. பங்குத் திருவிழா நாடகங்களில் வடநாட்டுத் தொழிலாளி தோன்றினால் சிரிப்புக்காகவே தோன்றுகிறான். இந்தியர் வேடிக்கையையே விரும்புவர் என்ற லெபெதேவின் தீர்ப்பை நாம் மறுத்தோம்; அந்த இளைஞனைப் பற்றி நம் மேடை வழங்கும் தீர்ப்பும் அதுவாகவே இருக்கிறது.

லெபெதேவ் நாடு திரும்பி, பேரரசர் அலெக்சாந்தரின் உதவியால் பீட்டர்ஸ்பர்க்கில் இந்திய எழுத்துகளை வார்த்து ஓர் அச்சகம் நிறுவினார். 1805-இல் இந்தியரின் சமய நெறிகளையும் வழக்கங்களையும் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாட்டு அமைச்சகத்தில் பணியாற்றி 1817-இல் காலமானார். வேறு நாடகம் எதையும் அவர் மேடையேற்றவில்லை. கோலக்நாத் தாஸைப் பற்றி நாம் அறிபவை எல்லாம் பெரும்பாலும் அந்த மாணவர் எழுதி வைத்தவையே.