முத்தால் ராவுத்தன் யாருடைய பாடம்?

சர்வதேச விவகாரங்கள், உலகக் கலாச்சாரங்கள் என்று ஆராய்ச்சி செய்யப் போகிற நம் மாணவனுக்கு உலகம் என்பது ஆங்கிலத்தில் வேறு யாரோ ஏற்கெனவே எழுதி முடித்துவிட்ட சமாசாரம். அதைச் சுருக்கி, இரண்டு மேற்கோள்களுக்கு நடுவே ஒரு 'எனினும்' போட்டுத் தருவதுதான் ஆராய்ச்சி. 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வந்த பிறகு திண்டிவனத்துப் பையனும் விழுப்புரத்துப் பெண்ணும் இதற்காகச் சென்னை போகவேண்டியதில்லை என்பது சௌகரியம். பார்வை மாறிவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான காரியம் ஒன்று இவர்கள் ஊர்ப்பக்கமே நடந்திருக்கிறது. ஆல்ஃப் ஹில்டபெய்டல், மகாபாரதத்தைச் சமஸ்கிருதத்தில் கற்ற அமெரிக்கர், செஞ்சி வட்டாரத்துக்கு வந்து திரௌபதி அம்மன் கோயில்களையும் பாரதக் கூத்தையும் தீமிதியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். 'த கல்ட் ஆஃப் திரௌபதி' முதல் பாகம் 1988இலும் இரண்டாவது 1991இலும் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. செஞ்சியை அடுத்த மேலச்சேரிதான் இந்த வழிபாட்டுக்கு மூலஸ்தானம் என்று அங்குள்ளவர்கள் சொல்வதை அவர் வெறும் ஐதீகம் என்று ஒதுக்கவில்லை. சரித்திரத்துக்கான தடயமாக எடுத்துக்கொண்டார்.

அம்மனுக்கு அங்கே இரண்டு காவல்காரர்கள். ஒருவன் போத்துராஜா. மற்றவன் முத்தால் ராவுத்தன், முஸ்லிம், குதிரைக்காரன். அவனுக்குச் சுருட்டும் சாராயமும் கஞ்சாவும், குதிரைக்குக் கொள்ளும் படையல். நாகரிகங்களின் மோதல் பற்றி ஹண்டிங்டன் 1996இல் எழுதிய புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எடுத்தாளும் மாணவனுக்கு, தன் அம்மா தீமிதிக்கும் கோயிலில் இப்படி ஒருவன் நிற்பது ஆராய்ச்சிக்குரிய விஷயமாகப் படுவதில்லை. அது உள்ளூர்ச் சங்கதி. இதை மத நல்லிணக்கம் என்று மேடைப்பேச்சாக்கவும் முடியாது. ராவுத்தன் அம்மனுக்கு அடங்கியவனாக, காவல்காரனாக நிற்கிறான். சேர்த்துக்கொண்டதும் தள்ளிவைத்ததும் ஒரே இடத்தில். இந்த முடிச்சை அவிழ்க்க ஹண்டிங்டனும் உதவமாட்டார், அவரை மறுக்கும் நம் முற்போக்குக் கோஷமும் உதவாது.

ஹில்டபெய்டலிடம் கோளாறு இல்லாமல் இல்லை. எந்தக் கிராமத்துச் சடங்கைத் தொட்டாலும் அவர் கை சமஸ்கிருத இதிகாசத்தைத் தேடிப் போகிறது. போத்துராஜாவிலிருந்து வேத யாகத்தின் யூபத்தம்பத்துக்குப் போய்விடுகிறார். கட்டியங்காரனின் நையாண்டிக்கு அந்தப் பாதையில் அதிக இடமில்லை. இதைச் சொல்லித் திருத்தவேண்டியவன் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். அவனோ 'உலகமயமாதலும் தெற்காசியாவும்' எழுதிக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்க அக்கறை நிஷ்களங்கமானது அல்ல. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் 1958இல் அங்கே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அந்நிய மொழிகளுக்குப் பணம் கொட்டியது. பி.எல். 480 கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாயில் 1962 முதல் நம் புத்தகங்களை, தமிழ் உட்பட, வாங்கி அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இதைக் காட்டி எல்லாவற்றையும் ஏகாதிபத்தியக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பணம் முதலில் கேட்டது மொழியை. நம் பக்கத்தில் அரபி தெரியாமல் மேற்காசியா பற்றியும் சீனம் தெரியாமல் சீனா பற்றியும் டாக்டர் பட்டம் வாங்கலாம்.

மொழிகளோடு வெளியே போன தமிழர் என்றால் தனிநாயகம் அடிகள் நினைவுக்கு வருகிறார். 1679இல் அச்சான ப்ரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திகான் நூலகத்தில் கண்டெடுத்து 1966இல் வெளிவரச் செய்தார். பெரிய காரியம். ஆனால் அவரும் அங்கே பிரதானமாகத் தேடியது தமிழைத்தான். போர்த்துக்கீசியனைப் பற்றித் தமிழில் யார் எழுதினார்கள்?

நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கும் இதில் தப்பிக்க இடமில்லை. காஃப்காவும் போர்ஹேஸும் நம்மிடம் வந்தது ஆங்கிலத்தின் வழியே. காம்யுவின் 'அந்நியன்' 1980இல் வெ. ஸ்ரீராம் மூலம் பிரெஞ்சிலிருந்தே வந்தபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒரு மணி நேர பஸ். அங்கே பிரெஞ்சு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக்கியது, மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில். பன்னிரண்டு கோட்டைகளில் மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை என்று இனி உலகக் கலாச்சாரப் பாடத்தில் செஞ்சி வரும். நம் மாணவனும் அதை ஆங்கிலத்தில் படிப்பான். மேலச்சேரி அங்கிருந்து சில மைல்தான்.