சொன்னதைச் செய்த மென்பொருள்

2022 ஆகஸ்ட் 7 காலை, இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. 356 கி.மீ. உயர வட்டப் பாதையில் சுற்ற வேண்டிய இ.ஓ.எஸ்.-02, பள்ளி மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் என்ற இரு செயற்கைக்கோள்களும் 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கி.மீ.க்கு இறங்கினால் காற்றே இழுத்துப் போட்டுவிடும்.

சென்சார் கோளாறை அடையாளம் காண்பதில் லாஜிக் தவறியது என்றுதான் இஸ்ரோ முதலில் சொன்னது. ஆய்வு முடிந்தபோது படம் மாறிவிட்டது. இரண்டாம் அடுக்கு கழன்ற நொடியில், கருவிகள் பொருத்திய தட்டு எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக அதிர்ந்திருக்கிறது. அந்த அதிர்வு கொஞ்ச நேரம்தான். ஆனால் வேகமாற்றத்தை அளக்கும் ஆறு முடுக்கமானிகளும் ஒருசேர உச்ச அளவில் போய் முட்டின. மென்பொருள் ஆறையும் பழுதென்று ஒதுக்கிவிட்டு 'மீட்பு நிலை'க்கு மாறியது. அதற்குமேல் ராக்கெட் தன் வேகத்தை அளந்து திருத்திக்கொள்ளவில்லை. முன்பே எழுதி வைத்த கணக்குப்படி போனது.

இதில் கோடிங் பிழை எங்கே? எனக்குத் தெரிந்தவரை இல்லை. எழுதிக் கொடுத்ததை மென்பொருள் அப்படியே செய்தது. எழுதிக் கொடுத்ததில்தான் கோளாறு. தெருவில் எல்லா வீட்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் யாரும் பல்பைக் குறை சொல்வதில்லை. ஆறு கருவிகள் ஒரே கணத்தில் கெட்டதாகத் தெரிந்தால் வெளியே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் விதி எழுதிக் கொடுத்த அந்தத் தேவைக் குறிப்பில் இருந்திருக்க வேண்டும்.

மீட்பு நிலையே வேண்டாத வேலை என்று சிலர் சொல்லலாம். அதை ஏற்க மாட்டேன். கெட்ட சென்சாரை நம்பிப் பறப்பது அதைவிட மோசம். பிசகியது எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்.

1996 ஜூன் 4-இல் ஐரோப்பிய ராக்கெட் ஏரியான் 5 வெடித்ததும் இதே ஜாதிதான். ஏரியான் 4-க்குச் சரியாக இருந்த மென்பொருளைப் புது ராக்கெட்டின் பாதைக்கு ஒப்பிட்டுப் பார்க்காமலே ஏற்றினார்கள். 64 பிட் எண் 16 பிட்டில் அடங்கவில்லை. மாற்றுக்கென்று வைத்த கணினியிலும் அதே மென்பொருள், அதே முடிவு.

இதைத் தரச் சான்று பிடித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி தரம், தேவை ஒவ்வொன்றையும் நிரல் நிறைவேற்றுகிறதா என்று வரிவரியாகக் கேட்கும். அந்தத் தேவை பறக்கும் நிலவரத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள வேலைக்கு விட்டுவிடும். சான்றிதழை மட்டும் காட்டி நிம்மதி அடைய முடியாதது இதனால்தான்.

2023 பிப்ரவரி 10-இல் இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. வென்றது. அடுக்கைக் கழற்றும் முறையையும் மாற்றினார்கள், லாஜிக்கையும் மாற்றினார்கள். திருத்தம் சரி, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஏரியான் விசாரணை அறிக்கை ஒன்றரை மாதத்தில் முழுதாக வெளிவந்தது. இங்கே கிடைத்தது சுருக்கம். ககன்யான் விண்கலத்தில் ஆட்களை ஏற்றப் போகும் நிறுவனத்துக்கு அது போதாது.