காண்க: பெருங்கோப்பெண்டு

உ.வே.சா. பதிப்புகளின் பின்னிணைப்பு அகராதிகளைப் புரட்டியே சங்க இலக்கியத்துக்குள் நுழைந்தவள் நான். ஆனாலும் பெண்பாற் புலவர்களின் பாடல்களை வகுப்புக்காகத் தொகுத்தபோது, பொருளடைவைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். 'கைம்மை' என்று தேடினேன். புறநானூறு 246 வரவில்லை.

பூதப்பாண்டியன் இறந்தபின், தீப்பாயாதே என்று தடுக்கும் சான்றோரிடம் அவன் தேவி பேசும் பாடல் அது. நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பரற்கல் படுக்கை எனக் கைம்பெண்ணின் ஒரு நாளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. 'கைம்மை' என்ற சொல் மட்டும் அதில் இல்லை. சொல்லடைவு சொல்லைத்தான் கண்டுபிடிக்கும். பொருளடைவுக்கோ ஒருவர் உட்கார்ந்து படித்து, இது எதைப் பற்றியது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவும் விமர்சனமே.

அந்தத் தீர்ப்பு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பாடலின் அடியில் 'துறை: ஆனந்தப்பையுள்' என்றிருக்கிறது. கணவனை இழந்தவளின் துயரம் என்று பொருள். துறைக்குறிப்பும் ஒருவகைப் பொருளடைவுதான். அந்தத் தலைப்பின் வழியாகவே பாடலை அடைந்து, கற்புக்குச் சான்றாகப் பாடம் நடத்துகிறோம். நானும் நடத்தியிருக்கிறேன். ஆனால் பாடல் அழுகையில் தொடங்கவில்லை. சான்றோரை அழைத்து, உங்கள் யோசனை பொல்லாதது என்று முகத்துக்கு நேரே சொல்லித் தொடங்குகிறது. 'சினம்' என்று தேடும் மாணவிக்கு இப்பாடல் கிடைக்காது.

தலைப்பின் கீழ் வெறும் எண்களை அடுக்காமல் துணைத்தலைப்புகளாகப் பிரிக்க வேண்டும் என்பது பொருளடைவின் பாலபாடம். 'கைம்மை'யின் கீழ் உணவு, படுக்கை, மறுப்பு என்று பிரித்தேன். 'சான்றோர்' என்பதன் கீழ் 'கண்டிக்கப்படுதல்' சேர்த்தேன். அவள் தேர்ந்தது தீயை. அதை வீரமாக்க எனக்கு மனமில்லை, மறைக்கவும் முடியாது. 'தீப்பாய்தல்' என்று எழுதி, 'மேலும் காண்க: கைம்மை, உணவு' என்று சேர்த்தேன். அந்தச் சோற்றைப் பார்க்காமல் அந்தத் தீயைப் பற்றிப் பேசக் கூடாது.

கடைசியாகப் பெயர். பல பட்டியல்களில் அவள் 'பூதப்பாண்டியன் தேவி' என்று பகர வரிசையில், கணவனின் பெயருக்குப் பின்னால் நிற்கிறாள். 'பெருங்கோப்பெண்டு' என்பதும் இயற்பெயரல்ல, அரசனை ஒட்டிய பட்டமே. ஆனாலும் அவன் பெயர் சொல்லாமல் அவளைக் குறிக்க நமக்கு மிஞ்சியிருப்பது அதுதான். எனவே திசையை மாற்றி எழுதினேன்: பூதப்பாண்டியன் தேவி — காண்க: பெருங்கோப்பெண்டு.