குரோட் யாருக்காகக் கை குலுக்குகிறான்?

துவாக்குடியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி ‘மெட்ரோபோலிஸ்’ பார்த்தோம். ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப் படம், 1927. மூல நாவல் தேயா ஃபான் ஹார்பூவுடையது. திரைக்கதையிலும் அவர் கை உண்டு. பாதிப் படத்தில் வெல்டர் தோழர் ஒருவர் கேட்டார்: “இம்மாம் பெரிய மெஷின வச்சு என்னத்த செய்யுறான்?”

கோட்பாடு பேசுகிற எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றியதில்லை. படத்திலும் பதில் கிடையாது. 1960களிலிருந்து பெல் ஆலை கொதிகலன் செய்கிற பிரதேசம் இது. துவாக்குடிப் பட்டறைகள் அதற்குத் தகடு வெட்டிக் கொடுக்கின்றன. தோழருக்குக் கொதிகலன் என்றால் இத்தனை டன், இத்தனை ஜாயின்ட், ஆர்டர் நின்றால் முதலில் யாரை நிறுத்துவது என்கிற பேச்சு. லாங்கிடம் எந்திரம் வெடித்ததும் மோலோக் ஆகிவிடுகிறது. திறந்த வாய்க்குள் தொழிலாளர்கள் வரிசையாகப் போகிறார்கள். சுரண்டல் கணக்குப் புத்தகத்தைவிட்டுப் புராணத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கூலியைப் பற்றிப் பேச்சில்லை, சங்கமில்லை. (ஷிப்ட் மாறும் காட்சி வேறு ரகம். வேலை முடிந்து வருகிற வரிசையின் தளர்ந்த நடையில் உடலே பேசிவிடுகிறது.)

ஹார்பூ பிற்பாடு நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், ஆகவே படமும் பாசிசம் என்று முடித்துவிடுவது சோம்பேறி வாசிப்பு. சிக்கல் பிரதிக்குள்ளேயே இருக்கிறது. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டுமாம். கடைசியில் தேவாலய வாசலில் முதலாளி ஃப்ரெடர்சனின் கையையும் தொழிலாளர் தரப்புக் கையையும் மகன் ஃப்ரெடர் சேர்த்துவைக்கிறான். அந்தத் தொழிலாளர் தரப்புக் கை யாருடையது? குரோட். இதய எந்திரத்தின் ஃபோர்மேன். விபத்தில் செத்தவர்களின் பையில் கிடைத்த ரகசிய வரைபடங்களைக் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தவன் இவன்தான்! யார் இவனைத் தேர்ந்தெடுத்தது? சரி, ‘பிரதிநிதி’ என்றே வச்சுக்குவோம். இப்படிப்பட்ட பிரதிநிதிகளை நமக்குத் தெரியாதா என்ன?

லாங்கே பின்னாளில் இந்த முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்றார். எடுத்தது அவர்தானே.

2008இல் புவனஸ் அயர்ஸில் ஏறக்குறைய முழுப் பிரதி கிடைத்தது; 2010இல் செப்பனிட்டுத் திரையிட்டார்கள். நாங்கள் பார்த்தது அதைத்தான். வெட்டப்பட்டிருந்த ஜார்ஜியின் கதை அதில் நீள்கிறது. 11811 என்ற எண்தான் அவனுக்கு அடையாளம். ஃப்ரெடர்மேல் பாய வந்த கத்தியைத் தான் வாங்கிச் சாகிறான். கை குலுக்கும் காட்சியில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. தோழர் மட்டும், படம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது கேட்டார்: “அந்த 11811 வீட்டுக்கு ஏதாச்சும் குடுத்தானுங்களா?”