கம்ப்யூட்டர் பகடையை மாத்திப் போடுதா?

போன ஆடியில் வல்வில் ஓரி விழாவைப் பார்க்கலாம் என்று கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் ரூம் போட்டு, மறுநாள் ஆகாய கங்கைக்குப் படி இறங்குவதாகத் திட்டம். மழை பிடித்துக்கொண்டது. சிக்னலும் போய்விட்டது. போனில் நெட் இல்லாமல் ஓடுகிற ஒரே விளையாட்டு பேக்கேமன்தான். இரண்டு நாளில் கம்ப்யூட்டரோடு 22 ஆட்டம் ஆடி 16-இல் தோற்றேன்.

தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்ற விதம்தான் எரிச்சல். நான் ஒரு காயைத் தனியாக விட்டால் அடுத்த உருட்டலில் அதுக்குச் சரியாக அந்த எண் விழும். கடைசி நேரத்தில் எனக்கு 2-1, அதுக்கு இரட்டை ஆறு. கோபத்தில் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "பகடை மோசடி, யாரும் இறக்காதீர்கள்" என்று விமர்சனமும் அடித்துவிட்டேன். சிக்னல் இல்லாததால் போகவில்லை. மழைக்குத்தான் நன்றி சொல்லணும்.

ஏனென்றால் எந்தப் பேக்கேமன் செயலியின் பக்கத்துக்குப் போனாலும் இதே விமர்சனம்தான் இருக்கும். எல்லாச் செயலியும், எல்லா ஊரிலும், ஒரே மாதிரி ஏமாற்றுகிறதாம். சகுனி காலத்திலிருந்தே தோற்றவன் பகடையைத்தான் சந்தேகப்படுகிறான். (சகுனி விஷயத்தில் அந்தச் சந்தேகம் சரி, அது வேற.) திருக்குறளில் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரம் இருக்கிறது. கீழடியில் தந்தத்தில் செய்த பகடைக்காய் கிடைத்தது. ஆக இந்தப் புகாருக்கும் நம்ம ஊரில் நல்ல வயசு இருக்கும்.

பேக்கேமன் தெரியாதவர்களுக்கு: தாயம் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. 24 வீடு, ஆளுக்கு 15 காய், இரண்டு பகடை. எதிராளி எதிர்த்திசையில் வருவான். ஒரு வீட்டில் காய் தனியாக இருந்தால் வெட்டலாம், இரண்டு சேர்ந்திருந்தால் வெட்ட முடியாது. அதாவது தாயத்தில் மலை தரையிலேயே போட்டிருக்கும், இங்கே ஜோடி சேர்த்து மலையை நாமே கட்டணும். வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து வரணும். எல்லாக் காயையும் முதலில் பழமாக்கியவர் ஜெயித்தார்.

நான் தங்கியிருந்த இடத்தின் உரிமையாளருடைய அம்மா திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பேத்தியோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்து முணுமுணுப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி, ஆருகிட்ட சண்டை?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "கட்டையை உருட்டுறது ஆரு?" "அதுதான் ஆயா, ரெண்டு பேருக்கும்." "அப்ப நீ எதுக்கு ஆடுற?"

நியாயமான கேள்வி. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன், இதைச் சோதிக்காமல் விமர்சனம் எழுத உட்கார்ந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1979 ஜூலையில் மான்டி கார்லோவில் பிகேஜி 9.8 என்ற நிரல், அப்போதுதான் உலகப் பட்டம் வென்றிருந்த லூயிஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. எழுதியவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பெர்லினர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாக இருந்தவர். ஒரு பலகை விளையாட்டில் நடப்பு உலகச் சாம்பியனை இயந்திரம் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப்பின் பெர்லினர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக ஆராய்ந்து, வில்லாதான் நன்றாக ஆடினார், என் நிரலுக்குப் பகடை நன்றாக விழுந்தது என்று அவரே எழுதிவிட்டார். ஜெயித்தவனே அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொண்டது எத்தனை விளையாட்டில் நடக்கும்?

அதோடு நின்றிருந்தால் என் ஒற்றை நட்சத்திரத்துக்கு ஏதாவது அர்த்தம் இருந்திருக்கும். 1992-இல் ஐபிஎம்மின் ஜெரால்டு டெசாரோ டிடி-கேமன் கொண்டுவந்தார். ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் அதன் 2.1 பதிப்பு, முன்னாள் உலகச் சாம்பியன் பில் ராபர்ட்டியோடு 40 ஆட்டம் ஆடி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. முதல் உருட்டலில் 2-1, 4-1, 5-1 விழுந்தால் என்ன செய்யணும் என்று அனுபவசாலிகள் அதுவரை வைத்திருந்த வழக்கத்தையே அது மாற்றியது. தனிக்காயைத் தன் பக்கம் வெட்டுக்கு நீட்டுவதற்குப் பதிலாக, பின்னால் இருக்கும் ஜோடியைப் பிரிப்பது மேல் என்று காட்டியது. இன்று பெரும்பாலும் அதைத்தான் ஆடுகிறார்கள். இப்போது போனில் இருப்பவை அந்த வம்சம்தான். பிகேஜிக்கு ஜெயிக்க அதிர்ஷ்டம் தேவைப்பட்டது. இவற்றுக்குத் தேவையில்லை.

சரி, அப்புறம் ஏன் அதிர்ஷ்டம் மாதிரித் தெரிகிறது? இரண்டு பகடையில் 36 சேர்க்கை. உங்கள் தனிக்காய் எதிராளிக்கு 6 வீடு தள்ளி இருந்தால், வழியில் தடை இல்லாதபோது 17 சேர்க்கையில் வெட்டுப்படும். அதையே 7 வீடு தள்ளி வைத்தால் 6 சேர்க்கைதான். ஒரே ஒரு வீடு, வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் ஒவ்வொரு தடவையும் 6-இல் வைத்துவிட்டு 17-ஐ அதிர்ஷ்டம் என்கிறேன். அது 7-இல் வைத்துவிட்டுத் தப்பிக்கிறது, அதையும் அதிர்ஷ்டம் என்கிறேன். அதோடு அது எப்போதும் நிறைய எண்கள் நல்லதாக இருக்கும்படி காய்களைப் பரப்பி வைக்கும். என் ஆட்டத்தில் ஏதோ ஒரு எண்தான் வேணும், அது வராது.

இரட்டை விழுவதும் அப்படித்தான். மூன்று இரட்டை அடுத்தடுத்து விழ 216-இல் ஒரு வாய்ப்பு என்பதும் "பார்த்தியா, மோசடி" என்று தோன்றும். ஒருத்தர் 25 தடவை உருட்டுகிற ஆட்டத்தில் எங்காவது ஒரு இடத்தில் அது நடக்க 100-க்கு 9 வாய்ப்பு. 22 ஆட்டம் ஆடினால் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நோட்டில் கம்ப்யூட்டரின் 360 உருட்டலைக் குறித்தேன். 60 இரட்டை வரணும், 7 கூடக்குறைய வரலாம். 66 வந்தது. என்னுடைய 360-இல் 57. வழக்கு தள்ளுபடி.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான "பகடை நேர்மையானது" கட்டுரைகள் முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் குறை. எண்ணிக்கை நேராக இருந்தால் பகடை மாற்றப்படவில்லை என்று மட்டும்தான் ஆகும். ஏமாற்ற நினைக்கிற நிரல் பகடையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து விழப்போகும் எண்ணை முன்கூட்டியே எட்டிப் பார்த்தால் போதும். பகடை கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு விதை எண்ணிலிருந்து வரிசையாக வருகிறது, அந்த வரிசை நிரலின் கையிலேயே இருக்கிறது. எட்டிப் பார்த்துக் காயை நகர்த்தினால் ஆயிரம் உருட்டலை எண்ணினாலும் கண்டுபிடிக்க முடியாது, எல்லா எண்ணும் ஆறில் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும்.

இதைப் பிடிக்க இரண்டு வழி தோன்றியது. முதலாவது, எட்டிப் பார்ப்பவனின் ஆட்டத்தில் ஒரு தடயம் இருக்கும்: உருட்டலுக்கு முன் முட்டாள்தனமாகத் தெரிகிற நகர்த்தல்கள் உருட்டலுக்குப் பின் புத்திசாலித்தனமாக மாறும். என் மடிக்கணினியில் குனூ பேக்கேமன் இருந்தது. இலவசம், மூலநிரல் திறந்தது, நெட் வேண்டாம். போனில் ஆடிய மூன்று ஆட்டத்தை நோட்டில் எழுதி அதில் ஏற்றினேன். ஒவ்வொரு நகர்த்தலும் எவ்வளவு தப்பு, ஒவ்வொரு உருட்டலும் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுத் தரும். போன் செயலி செய்தவை பெரும்பாலும் குனூவும் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய நகர்த்தல்கள். அது தப்பு செய்த ஒன்றிரண்டு இடத்தில் அடுத்த பகடை அதற்கு உதவவும் இல்லை. மூன்றில் ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டக் கணக்கில் நான்தான் முன்னால். அந்த ஆட்டத்திலும் தோற்றேன். அதைப் படித்தபோது வந்த எரிச்சல் வேற மாதிரி.

மூன்று ஆட்டம் ரொம்பக் குறைச்சல், தெரியும். ஆனால் என் தப்புகள் எங்கே என்று காட்ட அது போதும். பெரிய தப்புகள் நகர்த்தலில்கூட இல்லை, பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டையில். 1920-களில் நியூயார்க்கில் சேர்ந்த விதி இது: எதிராளி இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டால் ஒத்துக்கொள்ளணும், இல்லையென்றால் அந்த இடத்திலேயே தோல்வி. ஜெயிக்க நாலில் ஒரு வாய்ப்பாவது இருந்தால் ஒத்துக்கொள்ளலாம் என்பது அடிப்படைக் கணக்கு. நான் பத்தில் ஒன்று இருக்கும்போதும் ரோஷத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வழி ஆயா. குனூவில் பகடையை நாமே உருட்டி எண்ணை உள்ளிடும் வசதி உண்டு. செம்மேட்டுக் கடையில் லூடோ பெட்டி ஒன்று வாங்கி, அதிலிருந்த பகடையோடு இன்னொன்றும் தேடிச் சேர்த்து ஆயா கையில் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அவர்தான் உருட்டினார், நான் எண்ணை அடித்தேன். இதில் நிரலால் எட்டிப் பார்க்கவே முடியாது, ஆயா மனசுக்குள் விதை எண் எதுவும் இல்லை. ஐந்து ஆட்டத்தில் நாலு தோற்றேன். நாலாவதில் கம்ப்யூட்டருக்கு ஆயா இரட்டை ஐந்து போட்டபோது பேத்தி, "ஆயா, நீயும் அது கூட சேந்துட்டியா?" என்றாள்.

போன் செயலியைக் குனூவை வைத்து நிரபராதி என்று சொல்ல முடியாது, அது வேறு நிரல். ஆனால் பகடை முழுக்க வெளியே இருந்தும் எனக்கு அதே உணர்வு, அதே வயிற்றெரிச்சல் வந்தது என்பது உண்மை.

இனி செயலி மேல் எனக்கு நிஜமாகவே இருக்கும் குறை. ஒன்று, அது வாயைத் திறப்பதே இல்லை. தோற்றால் "மீண்டும் ஆடு" என்று ஒரு பொத்தான். இந்த நகர்த்தலில் தப்பு செய்தாய், இந்த உருட்டல் உனக்குச் சாதகம் என்று ஒரு வரி காட்டினால் பாதி மோசடிப் புகார் நின்றுவிடும். உள்ளே அந்தக் கணக்கு இல்லாமல் அதால் ஆடவே முடியாது, வெளியே காட்டத்தான் மனசில்லை. அடுத்தது, எளிது என்ற நிலை. குனூவில் கீழ் நிலைகள் எப்படி என்றால், சரியான மதிப்பீட்டின் மேல் கொஞ்சம் இரைச்சலைச் சேர்ப்பார்கள். போனில் இருப்பதும் அப்படித்தான் ஆடுகிறது: பத்து நகர்த்தல் மேதை மாதிரி, பதினொன்றாவது காய்ச்சல் வந்த மேதை மாதிரி. கற்றுக்கொள்பவர் அப்படித் தப்பு செய்வதில்லை. அதனால் எளிது நிலையில் ஜெயித்தும் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

காசு இருக்கும் இடத்தில் என் அளவுகோல் வேறு. சும்மா ஆட விடும் நிரலுக்கு என்னை ஏமாற்றக் காரணமில்லை. தோற்றதும் நாணயம் விற்கும் செயலிக்குக் காரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று விலக்கியது. 2025-இல் மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. பேக்கேமன் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆட்டம் என்பதால் இந்த வாதங்களை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் பகடை நேர்மையா என்பதை ஆடுகிறவரே எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி அதில் தீராது. அதற்கு வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை: ஆட்டம் தொடங்குமுன் விதை எண்ணின் ஹாஷை செயலி காட்டட்டும், நானும் ஒரு எண் கொடுக்கிறேன், இரண்டையும் கலந்து பகடை வரட்டும். முடிந்ததும் விதையை வெளியிட்டால் நானே சரிபார்ப்பேன். என் எண் கட்டாயம் சேரணும், இல்லையென்றால் நூறு விதையில் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிவிட்டு ஹாஷ் காட்டலாம்.

கீழே இறங்கி நாமக்கல் வந்ததும் சிக்னல் வந்தது. பழைய விமர்சனத்தை அழித்துவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டேன். "ஆட்டம் நேர்மை, வாய் இல்லை" என்று எழுதினேன்.

கிளம்புவதற்கு முன் ஆயாவோடு தாயமும் ஒரு ஆட்டம் ஆடினேன். 20 தடவை உருட்டியும் எனக்குத் தாயம் விழவில்லை. ஒரு உருட்டலில் தாயம் விழ எட்டில் ஒன்று, 20-இலும் விழாமல் போக 100-க்கு 7. கணக்கெல்லாம் மனசிலேயே போட்டுவிட்டேன், இருந்தாலும் கட்டையை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். பழைய பித்தளைக் கட்டை. ஒழுங்காகத்தான் இருந்தது.